மாஸ்டரின் இடது பக்கத்து நாற்காலி

போன மாதம் பம்பாய் திலக் நகரில் என் வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கல்யாண வரவேற்புகளிலும் விளம்பரப் படங்களிலும் வாசிக்கிறவர்கள். கையில் ஒரு கீபோர்டு. அதில் ஒரு பித்தானை அழுத்திவிட்டு ஒரு கட்டையைத் தொட்டார்கள். பசூன் சத்தம் வந்தது. ஆளுயர மரக்குழலை மார்போடு சாய்த்துக்கொண்டு கன்னம் வலிக்க வலிக்க நான் ஊதிய வாத்தியம் ஒரு பித்தானுக்குள் அடங்கிவிட்டது. "எப்படி இருக்கு அங்கிள்?" என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பிறகு அவர்களில் ஒருவன் கேட்டான். "யுத்த காலத்துப் பழைய ரெக்கார்டெல்லாம் கேட்டோம் அங்கிள். ஒரு கம்பெனிப் பாட்டு எல்லாத்துலயும் பசூன் இருக்கு. காதல் பாட்டு, தாலாட்டு, பஜன், ஒண்ணு பாக்கி இல்லை. நீங்க அவ்வளவு பெரிய ஆளா அப்போ?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அந்தக் காலத்தில் நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. அதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்த்தார். பதினாலு வயதில் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போய், தக்காணத்து சமஸ்தானம் ஒன்றின் பாண்டு கோஷ்டியில் சேர்ந்தேன். உயரமாக இருந்தேன், விரல்களும் நீளம், அதனால் யாரும் சீண்டாத பசூனை என் கையில் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் அடியும் சோறும் சங்கீதமுமாகப் போயிற்று. யுத்தம் வந்ததும் ராஜா பாண்டைக் கலைத்தார். ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் ஆளாளுக்குப் போட்டி. பசூனைக் கேட்பார் இல்லை. "நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பம்பாய் திரும்பினேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

எந்தக் கம்பெனியிலும் நான் மாதச் சம்பளக்காரனாக இருந்ததில்லை. தாதரில் ஒரு இரானி ஹோட்டலில் வாத்தியக்காரர்கள் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்திருப்போம். ஒரு டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியுமோ அவ்வளவு நேரம். ஆள் தேவைப்பட்டவர்கள் வந்து வாசலில் நின்றபடி கூப்பிடுவார்கள்: "ரெண்டு வயலின், ஒரு ஃப்ளூட்." பார்சிக் கல்யாணம், ஹோட்டல் நடனம், மாதா கோயில் திருவிழா, சினிமா, எதுவானாலும் போவோம். பசூன் என்று கூப்பிட்டு ஆறு மாதம் வரை நான் கேட்கவில்லை.

அதற்குள் என் சீவாளியும் தேய்ந்துவிட்டது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பது போல பசூனுக்கும் நாணலில் செய்த சீவாளி உண்டு, கொஞ்சம் அகலமாக இருக்கும். அந்த நாணல் பிரான்சிலிருந்து வரவேண்டும். யுத்தத்தில் பிரான்சே பறிபோய்விட்டது, நாணல் எங்கிருந்து வரும்? தஞ்சாவூரிலிருந்து நாதஸ்வரச் சீவாளிக்கான கொறுக்கையை வரவழைத்து, நானே சீவி, கம்பி சுற்றி, நூல் கட்டிப் பார்த்தேன். கொட்டடிக்குப் பின்னால் போய் ஊதினேன். பக்கத்துக் குடிசை மாடத்தி அக்கா வெளியே வந்து, "ஏலே சொடல, எருமை எங்கன கன்னு போட்டுருக்கு?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தேடிக்கொண்டுதான் வந்தாள்.

இந்த நிலைமையில்தான் சவரிமுத்து மாஸ்டர் இரானி ஹோட்டலுக்குள் வந்தார்.

தூத்துக்குடிக்காரர். பட்டாளத்து பாண்டில் இருபது வருஷம் இருந்து வெளியே வந்தவர். அப்போது ஒரு பட முதலாளியின் கம்பெனிக்கு வாத்திய கோஷ்டி நடத்திக்கொண்டிருந்தார். மெட்டு போடுகிறவர் வேறொருவர். அந்த மெட்டை நாற்பது வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதி, முன்னால் நின்று கையசைத்து வாசிக்க வைப்பது மாஸ்டரின் வேலை. காக்கி அரைக்கால் சட்டை, முகம் தெரியப் பளபளக்கும் பூட்ஸ், காதில் சொருகிய பென்சில்.

"பசூன் வச்சிருக்கவன் எவன்லே இங்க?" என்று கேட்டார்.

எழுந்தேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எருமைதான் வந்தது. ஹோட்டலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பஞ்சு சுற்றிய ஆறு பிரெஞ்சு சீவாளிகள், பட்டாளத்துக் காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் விட்டுவிட்டுப் போனவை. "ஆறும் போச்சுன்னா நீயும் போன. பாத்து ஊது" என்றார்.

அவர் நடத்திய முறையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தடவும். எல்லோருக்கும் முன்னால் வந்து, நாற்காலிகளைத் தானே போட்டு, ஒவ்வொரு ஸ்டாண்டிலும் அவரவர் தாளை வைத்திருப்பார். முதல் அரை மணி நேரம் வாத்தியத்தைத் தொடக்கூடாது. தாளை விரலால் ஓட்டிக்கொண்டே வாயால் எண்ண வேண்டும். "வாத்தியம் பொறவு வரும். மொதல்ல ஒனக்கு எண்ணத் தெரியுதான்னு பாப்போம்" என்பார். ஒத்திகையில் யாராவது பிசகினால் கத்தமாட்டார். நிறுத்துவார். காதிலிருந்து பென்சிலை எடுப்பார். நாற்பது பேருக்கு நடுவில் சரியாக அந்த ஆளை நோக்கி நீட்டுவார். "மூணாவது கிளாரினெட். இருபத்தோராவது கட்டம். நீ வாசிச்சது வேற பாட்டு." அவ்வளவுதான். அந்தப் பென்சில் தப்பான ஆள் பக்கம் திரும்பி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பட முதலாளியை நாங்கள் சேட் என்போம். அவரே, "இந்த ஆளின் காதுக்குத்தான் நான் சம்பளம் கொடுக்கிறேன்" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்வார்.

நாற்பத்து நாலில் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. பம்பாய்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாராவியில் எங்கள் தகரக் கூரை குதித்துக் கீழே விழுந்தது. மாஸ்டர் அன்று துறைமுகத்தை ஒட்டிய மஸ்ஜித் பந்தர் பக்கம் இசைத்தாள் வாங்கப் போயிருந்தார். உடம்பெல்லாம் கரியோடு, தான் குடியிருந்த மாட்டுங்கா லேபர் கேம்ப் வரை நடந்தே வந்தாராம். இரண்டு வாரம் கழித்து ஒத்திகைக்கு வந்தார். காதுக்குள் வண்டு கத்துகிறது என்று ஒரு நாள் சொன்னார், பிறகு அதையும் சொல்லவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

ஆனால் சில விஷயங்கள் மாறின. மேடை என்று ஒரு மரப்பலகை இருக்கும், அதன் மேல் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்க ஆரம்பித்தார். சுருதி சேர்ப்பது எப்போதும் ஓபோ என்கிற மேல்நாட்டுக் குழலைப் பார்த்துத்தான். மாஸ்டர், "இனிமே பசூனைப் பாத்துச் சேருங்க" என்றார். ஓபோக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசி வரிசையில் இருந்த என் நாற்காலி அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில் வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் எனக்குத் தாள் நிறைய வேலை. பாட்டு முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்படி எழுதினார். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடி அறையிலிருந்து, "பசூன் கனமாக விழுகிறது" என்று புகார் சொன்னால், "விழட்டும்" என்பார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரானி ஹோட்டலில் நான் உட்காரும் தோரணையே மாறிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. மாஸ்டர் என்னை மட்டுமே ஏசினார். முன்பு எல்லோருக்கும் பங்கு போன ஏச்சு இப்போது முழுதாக எனக்கே வந்தது. மூச்சு எடுத்தால் ஏச்சு, சுரத்தை முடிக்கும்போது அரை நொடி இழுத்தால் ஏச்சு. "கதவை அடைக்கிற மாதிரி முடிக்கணும்லே. தொறந்து போட்டுட்டுப் போகாத." வயலின்காரர்கள் எட்டுப் பேரும் கோட்டை விட்டாலும் அவர் கண்டுகொள்ளவில்லை. பொறாமைப்பட்டவர்கள்கூட என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள்.

ஒரு நாள் டீ இடைவேளையில் மாஸ்டர் மேடையிலேயே உட்கார்ந்து தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி ஃப்ளூட்காரர் விளையாட்டாக உச்சத்தில் ஒரு சுரத்தை ஊதினார். பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கீச்சென்று கேட்டது. மாஸ்டர் திரும்பவில்லை. பென்சில்கூட நிற்கவில்லை. எனக்கு ஏதோ தட்டியது. பசூனை எடுத்து, அடியிலிருந்து ஒரு சுரத்தை, அருகில் இருப்பவருக்கே கேட்குமோ என்கிற அளவில் மெல்ல ஊதினேன்.

"சீவாளி ஊறல. தண்ணியில போடு" என்றார் திரும்பாமலே.

அன்று வீட்டுக்கு ரயிலில் போகவில்லை, தாதரிலிருந்து நடந்தே போனேன். வெடியில் அவருக்கு மேல் சுரங்கள் எல்லாம் போய்விட்டன. வயலின் இல்லை, ஃப்ளூட் இல்லை. பசூன் மாதிரிக் கீழ்ச் சுரத்தில் ஓடுவதுதான் கேட்கிறது. அவர் காலடியில் என்னை உட்கார்த்தி வைத்திருப்பது, பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துகொள்ள. அந்தகன் கையில் இருக்கிற கோல் மாதிரி நான். என் வித்தையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

மாஹிம் தாண்டுவதற்குள் வேறொன்று உறைத்தது. இந்த மனிதர் தன் காதில் விழாத முப்பது வாத்தியங்களை, வில் போகிற போக்கைப் பார்த்தும், கன்னம் உப்புவதைப் பார்த்தும், காலடிப் பலகை அதிர்வதை வைத்தும் நடத்திக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டுகூடக் கெடவில்லை. இது சேட்டுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவர் வெளியே. காதுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி வேறென்ன செய்வார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு டீ நேரத்தில் அவர் எங்கோ பார்த்தபடி, "வயலின் எப்பிடி?" என்று கேட்பார். நானும் எங்கோ பார்த்தபடி, அவருக்கு எட்டும்படி அடிக்குரலில், "ரெண்டாவது வரிசை கொஞ்சம் கூடுது மாஸ்டர்" என்பேன். எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். மூன்று வருஷம் அப்படியே ஓடிற்று.

இந்தச் சமயத்தில்தான் நான் பாடம் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தேன். சினிமாவில் வாசிக்க வேண்டுமானால் மேல்நாட்டு முறையில் ஐந்து கோட்டில் எழுதியதைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் ஆட்களுக்கு அது தெரியாது. என்னிடம் வந்தவர்களில் விஸ்வநாதன் என்று ஒருவர். பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் குடித்தனம், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நல்ல வயலின். ஆபீஸ் கோட்டோடு தண்டவாளத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாடம் கேட்பார்.

அவருக்குப் படிக்க வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, வயலினைத் தாடையில் இடுக்கி வாசிக்கவும் பழகிவிட்டார். தரையில் சப்பணம் போட்டு, வயலின் தலையைப் பாதத்தில் வைத்து வாசித்தவருக்கு அது லேசான விஷயமில்லை. ஒன்றுதான் வரவில்லை. நீண்ட சுரத்தை அசையாமல் பிடிக்க அவரால் முடியவில்லை. விரல் தானாக ஆடி, கமகம் விழுந்துவிடும்.

"ஆட்டாதீங்க சார். கோடு போட்ட மாதிரி நிக்கணும்" என்பேன்.

"மொட்டையா நிக்கறதே சார். சுரத்தைப் பட்டினி போட்டாப்பல இருக்கு. நேக்கு மனசு கேக்க மாட்டேங்கறது."

"எட்டுப் பேரு நேரா நிக்கும்போது நீங்க ஒருத்தர் ஆடினா பாட்டே ஆடும் சார்."

"புரியறது. விரலுக்குப் புரிய மாட்டேங்கறது."

எனக்கு மனசில்லாமல்தான் மாஸ்டரிடம் சிபாரிசு செய்தேன். ஆள் தேவையாகவும் இருந்தது. எட்டு வயலினில் எட்டாவதாக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் வந்த அன்று பதிவானது ஒரு தாலாட்டு. அந்தக் காலத்தில் வாத்தியம், பாட்டு எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் படச்சுருளில் பதிவாக வேண்டும். யார் பிசகினாலும் முதலிலிருந்து. சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தி, கதவுகளையெல்லாம் சாத்திவிடுவார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பாடுகிற அம்மாள் ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடத்தில், எட்டு வயலின்களும் ஒரே சுரத்தை எட்டு எண்ணிக்கைக்குப் பிடிக்க வேண்டும்.

முதல் டேக்கில் அந்த இடத்தில் ஒரு வயலின் ஆடியது. கண்ணாடி அறையிலிருந்து நிறுத்தச் சொன்னார்கள். இரண்டாவது டேக்கிலும் ஆடியது. மூன்றாவதிலும். எனக்கு அது யாரென்று முதல் டேக்கிலேயே தெரியும். என் மாணவரின் கமகத்தை எனக்கு அடையாளம் தெரியாதா?

சேட் வெளியே வந்தார். வியர்வையும் கோபமுமாக, "மாஸ்டர்ஜி, கோன் ஹை யே? உஸ்கோ நிகாலோ", யார் இது, அவனை வெளியே அனுப்பு என்றார். அந்த ஆள் இனிமேல் இந்த வாசலை மிதிக்கக்கூடாது, எந்த ஸ்டூடியோவிலும் மிதிக்காதபடி நானே சொல்லிவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிறவர்தான்.

மாஸ்டர் வயலின்காரர்களை மட்டும் அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். விஸ்வநாதனுக்கு பயத்தில் கை விறைத்துவிட்டது. இந்தத் தடவை கோடு போட்டது போல நின்றது. மாஸ்டர் எட்டு இடது கைகளையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

பென்சில் பாஸ்கல் அங்கிளைக் காட்டியது. கோவாக்காரர், அறுபது வயதுக்கு மேல். அந்த ஸ்டூடியோவில் அவரைவிட நேராகச் சுரம் பிடிக்கிறவர் கிடையாது. ஆனால் வயதில் அவர் கை நடுங்கும். சுரத்தில் அந்த நடுக்கம் துளிகூட வராது, பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

"மை, மாஸ்டர்?", நானா என்று கேட்டார் பாஸ்கல் அங்கிள். அந்தப் பென்சிலை எதிர்த்துப் பேசி அந்த ஸ்டூடியோவில் பழக்கமில்லை. வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விஸ்வநாதன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒன்று மாஸ்டர் போவார், அல்லது என் மாணவர் போவார். இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாஸ்கல் அங்கிள் போகட்டும் என்றுதான் அந்த நிமிஷம் நான் இருந்தேன்.

மாஸ்டர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்து, கடைசியாக என்னைப் பார்த்தார். நான் சீவாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது அவருக்கு.

பென்சிலை ஸ்டாண்டில் வைத்தார். வெறுங்காலோடு மேடையை விட்டு இறங்கி, பாஸ்கல் அங்கிளிடம் போய், மூடிய பெட்டியைத் தன் கையால் திறந்து, வயலினை எடுத்து அவர் மடியில் வைத்தார். பிறகு சேட்டின் பக்கம் திரும்பி, அவருடைய பட்டாளத்து ஹிந்தியில், அவசரமில்லாமல் சொன்னார். தப்பு இவருடையது இல்லை, என்னுடையது. கை நடுங்குவதைப் பார்த்துக் காட்டிவிட்டேன். துறைமுகம் வெடித்ததிலிருந்து எனக்கு வயலின் கேட்பதில்லை.

சேட்டுக்கு நம்ப முடியவில்லை. "தீன் சால்?", மூன்று வருஷமாகவா என்று மூன்று விரலைக் காட்டிக் கேட்டார்.

"தீன் சால்."

பின்னே எப்படி நடத்தினீர்கள் என்று சேட் கையை விரித்தார். மாஸ்டர் என் நாற்காலியைக் காட்டினார். "இஸ்கோ லேகே." இவனை வைத்துக்கொண்டு. நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் பட்ட பெருமையெல்லாம் அந்த ஒரு நொடியில் எல்லோர் எதிரிலும் கழன்று விழுந்தது.

அப்போது விஸ்வநாதன் எழுந்துவிட்டார். "நான்தான் ஆட்டினேன். என்னை அனுப்பிச்சுடுங்கோ" என்றார். மாஸ்டருக்கு அது கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். குனிந்து, அடிக்குரலில் சொன்னேன்.

"ஒக்காரச் சொல்லு அவரை," என்றார் மாஸ்டர். "விரல் ஆடுச்சுன்னா மூச்சைப் பிடிச்சுக்கிடச் சொல்லு. மூச்சு நின்னா விரலும் நிக்கும். இன்னொரு டேக் போவோம்."

சேட் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாஸ்டர் பலகை மேல் ஏறினார். அன்று அந்த நாலாவது டேக்கில் நாற்பது பேரும் அவர் கையைப் பார்த்த மாதிரி ஒரு கையை யாரும் பார்த்து நான் கண்டதில்லை. அந்த எட்டு எண்ணிக்கை வந்தது. எட்டு வயலினும் ஒரே வயலினாக நின்றது. கண்ணாடி அறையில் கட்டை விரல் உயர்ந்தது. மாஸ்டர் தாள்களை அடுக்கினார், உட்கார்ந்து பூட்ஸை மாட்டி, லேஸை ஒவ்வொரு துளையாகக் கோர்த்துக் கட்டினார். அவர் கட்டி முடிக்கும் வரை நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம். யாரும் சொல்லி எழுந்திருக்கவில்லை.

அடுத்த படத்துக்கு வேறொருவர் வந்தார். பத்துப் பாட்டில் இரண்டில் பசூன் வைத்தார். அதற்கடுத்த படத்தில் அதுவும் இல்லை. நான் முழு நேர வாத்தியாராக ஆனது அப்படித்தான். விஸ்வநாதன் ஸ்டூடியோவில் நிலைத்துவிட்டார். ஒரு தடவை சொன்னார்: "வேலைன்னா நேரா வாசிச்சுடறேன் சார். ஆத்துல பூஜை ரூம்ல மாத்திரம் இஷ்டத்துக்கு ஆட்டிக்கறேன்."

மாஸ்டர் லேபர் கேம்பைக் காலி செய்துகொண்டு செம்பூரில் மகள் வீட்டுக்குப் போனார். ஆறேழு மாதம் நான் போய்ப் பார்க்கவில்லை. போக முகமில்லை என்பது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குள் ஒரு கேள்வி முள்ளாக நின்றது. அதைக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசூனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செம்பூரில் அப்போது வீடுகளைவிட வயல் அதிகம். மாஸ்டர் ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்து, தாளில் சுரம் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோக்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கிற வேலை. "இதுக்குக் காது வேண்டாம்லா" என்றார் சிரித்துக்கொண்டு. அச்சில் வார்த்தது போல எழுத்து. அந்த மேஜையிலும் பென்சில்களை உயர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். காது இன்னும் மோசமாகியிருந்தது. நான் பேசுவது சரியாக எட்டவில்லை. ஒரு தாளைக் கிழித்து என் பக்கம் தள்ளினார்.

நான் எழுதினேன்: என்னை எதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள்? வாசிப்புக்காகவா, நான் ஊதுவது மட்டும்தான் உங்களுக்குக் கேட்டது என்பதற்காகவா?

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"ஒன்னைய இரானி ஹோட்டல்ல எடுக்கும்போது எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேட்டுது," என்றார், காது கேளாதவர்களுக்கு வருகிற உரத்த குரலில். "நீ ரொம்ப மோசமா வாசிச்ச. பம்பாயில பசூன் வச்சிருந்தது நீ ஒருத்தன்தான், அதனால எடுத்தேன்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் விடவில்லை.

"காது போன பொறவு நாப்பது பேருக்கு நடுவுல நீ ஊதுறது மட்டுந்தான் எனக்குத் தெளிவாக் கேட்டுது. வேற எதைக் கேக்க? மூணு வருசமா ஒன்னைய மட்டுமே கேட்டுக்கிட்டு நின்னேன்லே. நீ மூச்சு விட்டா தெரியும், எச்சி முழுங்கினா தெரியும். ஏசி ஏசி எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. நீயும் வாசிக்கப் படிச்சுட்ட. பம்பாயில எத்தனையோ பெரிய வித்வான் இருக்கான். எவனையாவது மூணு வருசம் ஒரு மனுசன் இப்பிடி நின்னு கேட்டிருப்பானா, சொல்லு."

தாளில் பென்சிலை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"என்ன பாக்க? அதைத் தூக்கிட்டு வந்திருக்கல்லா. வாசி."

பசூனைப் பூட்டி, சீவாளியைத் தண்ணீரில் நனைத்து, அந்தத் தாலாட்டில் எனக்கிருந்த பகுதியை வாசித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேரே உட்கார்ந்தார். கண் என் விரல்களை விட்டு அசையவில்லை. வாசித்து முடித்து, கதவை அடைப்பது போல முடித்து, நிமிர்ந்து பார்த்தேன்.

"ரெண்டாம் வரியில தாளத்துக்கு முன்னால ஓடுத" என்றார்.

காதில் விழுந்து சொன்னாரா, விரலைப் பார்த்துச் சொன்னாரா, நான் கேட்கவில்லை. மறுபடி வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் வரியில் ஓடித்தான் இருந்தேன். மூன்றாம் தடவை வாசித்த பிறகுதான் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறமும் பாடத்துக்கு நடுவில், கூப்பிட்ட இடங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் ஏராளம். இரண்டாம் வரியில் ஓடுகிறாய் என்று யாரும் சொல்லவில்லை. ஓடியிருப்பேன்.